உங்கள் உடம்பில் எவ்வளவு பிபிஏ? ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

ஜெர்மனியின் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநில அரசு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மழலையர் பள்ளிக் குழந்தைகளின் சிறுநீரை வாங்கிப் பரிசோதிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 2 முதல் 6 வயது வரையிலான சுமார் 250 குழந்தைகள். 2024 தொடக்கத்தில் அந்த மாநிலத்தின் சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு விநோதமான தகவலை வெளியிட்டது. மோனோ-என்-ஹெக்சைல் தாலேட் என்ற பொருள் 2017-18 மாதிரிகளில் 26% குழந்தைகளிடம் இருந்தது. 2020-21 மாதிரிகளில் அது 61% ஆகிவிட்டது.

இது குறைந்திருக்க வேண்டிய பொருள். எந்தத் தாலேட் உடலுக்குள் போய் இப்படி மாறுகிறதோ, அது இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டு, அழகுசாதனப் பொருட்களில் தடை செய்யப்பட்டது. அப்படியானால் குழந்தைகளின் உடலுக்குள் எப்படிப் போனது?

தேடிப் பார்த்ததில் சந்தேகம் சன்ஸ்கிரீன் மீது விழுந்தது. சன்ஸ்கிரீனில் சேர்க்கப்படும் ஒரு புறஊதா வடிகட்டியைத் தயாரிக்கும்போது, இந்தத் தாலேட் அசுத்தமாக உருவாகி உள்ளேயே தங்கிவிடுகிறது. யாரும் வேண்டுமென்று சேர்க்கவில்லை, லேபிளிலும் இருக்காது. காற்றையோ தண்ணீரையோ கடைப் பொருட்களையோ சோதித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை. முதலில் காட்டிக்கொடுத்தது குழந்தைகளின் சிறுநீர்தான்.

இந்த முறைக்குப் பெயர் பயோமானிட்டரிங். தமிழில் 'மனித உயிரியல் கண்காணிப்பு' என்கிறார்கள். சுற்றுப்புறத்தில் என்ன இருக்கிறது என்று அளப்பதற்குப் பதிலாக, உடலுக்குள் உண்மையில் என்ன போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அளப்பது. ஹார்மோன்களைச் சீர்குலைக்கும் ரசாயனங்களைப் பொறுத்தவரை, அதாவது பிளாஸ்டிக்கில் வரும் பிஸ்பினால்கள், தாலேட்டுகள், க்ரீம்களில் உள்ள பாராபென்கள், நான்-ஸ்டிக் வகையறாவைச் சேர்ந்த பிஎஃப்ஏஎஸ், பழைய பூச்சிக்கொல்லிகள் ஆகியவற்றைப் பொறுத்தவரை, இதைவிட நேரடியான அளவுகோல் கிடையாது. ஆனால் இதுபோல் எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அளவுகோலும் குறைவு. 'உங்கள் சிறுநீரில் பிளாஸ்டிக்' என்ற தலைப்பில் ஒரு ரீல் பார்த்துவிட்டு, எங்கே டெஸ்ட் எடுக்கலாம் என்று தேடுபவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

ஏன் சிலவற்றுக்கு சிறுநீர், சிலவற்றுக்கு ரத்தம்?

எல்லாம் ஒரு எண்ணைப் பொறுத்தது: அரை ஆயுள். உடலுக்குள் போன ஒரு பொருளில் பாதி வெளியேற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அது.

பிஸ்பினால்-ஏ, சுருக்கமாக பிபிஏ, உடலில் தங்குவது மிகக் குறைந்த நேரம்தான். அரை ஆயுளை சுமார் 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கல்லீரல் அதைச் சர்க்கரை போன்ற ஒரு மூலக்கூறுடன் ஒட்டி, நீரில் கரையும்படி மாற்றி, சிறுநீரகத்துக்கு அனுப்பிவிடும். 24 மணி நேரத்தில் நான்கு அரை ஆயுள்கள். அதாவது நேற்று மதியம் உள்ளே போனதில் இன்று மதியம் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட பொருளை ரத்தத்தில் தேடுவது வீண். சிறுநீரில்தான் அது குவியும். தாலேட்டுகள், பாராபென்கள், ட்ரைக்ளோசான் எல்லாம் இதே ரகம்.

பிஎஃப்ஏஎஸ் நேர் எதிர். அதில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் போன்றவற்றின் அரை ஆயுள் ஆண்டுக் கணக்கு. அவை ரத்தத்தில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். எனவே ரத்தத்தின் சீரத்தில் அளப்பார்கள். டிடிடி, அதன் சிதைவுப் பொருளான டிடிஇ போன்றவை கொழுப்பில் ஒளிந்துகொள்பவை. அவற்றை ரத்தத்திலோ தாய்ப்பாலிலோ அளந்து, ஒரு கிராம் கொழுப்புக்கு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள்.

சுருக்கமா சொன்னா, சிறுநீரில் வரும் பிபிஏ எண் நீங்கள் நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எதைத் தொட்டீர்கள் என்பதன் பதிவு. ரத்தத்தில் வரும் பிஎஃப்ஏஎஸ் எண் கடந்த பத்தாண்டுகளின் பதிவு. இரண்டையும் ஒரே மாதிரி படிக்கக் கூடாது.

'நேற்று' என்பது எவ்வளவு நேரடியான அர்த்தம் என்பதற்கு அமெரிக்காவில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஒரு சோதனை நல்ல உதாரணம். 75 பேர் ஐந்து நாட்கள் தினமும் ஒரு முறை டின்னில் அடைத்த சூப் குடித்தார்கள். வேறொரு ஐந்து நாட்கள் அதே அளவு புதிதாகச் செய்த சூப். புதிய சூப் வாரத்தில் சிறுநீரில் பிபிஏ லிட்டருக்கு சராசரியாக 1.1 மைக்ரோகிராம். டின் சூப் வாரத்தில் 20.8. பதினெட்டு, பத்தொன்பது மடங்கு. டின்னின் உட்புறத்தில் பூசப்படும் எபாக்ஸி பூச்சுதான் காரணம். அதே மனிதர், அதே மாதம், இரண்டு எண்கள். இதில் எது அவருடைய 'உண்மையான' பிபிஏ அளவு? கேள்வியே தவறு.

லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு என்று கேட்டால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அரை அரிசி மணி அளவு எடையைக் கரைத்தால் ஏறத்தாழ அதுதான் வரும். ஹார்மோன்களே உடலில் இதுபோன்ற நுண்ணிய அளவுகளில்தான் வேலை செய்கின்றன என்பதால்தான் விஞ்ஞானிகள் இந்த அரை அரிசியைத் துரத்துகிறார்கள்.

அளக்கும் இடத்திலேயே பிளாஸ்டிக் இருந்தால்?

ஆய்வகத்தில் நடப்பதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். சிறுநீரில் ஒரு நொதியைச் சேர்த்து, கல்லீரல் ஒட்டிய சர்க்கரைப் பகுதியைப் பிரிக்க வேண்டும். பிறகு மாதிரியைச் சுத்தப்படுத்தி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவிக்குள் அனுப்பி, மூலக்கூறுகளின் எடையை வைத்து அடையாளம் காண வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், தேடும் பொருள் ஆய்வகம் முழுக்க இருக்கிறது. மாதிரி எடுக்கும் குப்பி, டியூப், கையுறை என எதிலிருந்தும் பிபிஏவோ தாலேட்டோ கசியலாம். 1998இல் அமெரிக்க மரபியலாளர் பாட்ரிசியா ஹன்ட்டின் ஆய்வகத்தில் இதுதான் நடந்தது. எலிக் கூண்டுகளைத் தவறான சோப்புக் கரைசலால் கழுவிவிட்டார்கள். பாலிகார்பனேட் கூண்டுகள் அரிக்கப்பட்டு பிபிஏ கசிந்தது. வேறு எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தவர் பெண் எலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் கோளாறுகள் திடீரென்று ஏறியதைக் கண்டார். அந்த விபத்துதான் 2003இல் ஆய்வுக் கட்டுரையாகி, பிபிஏ விவாதத்தின் முக்கியத் திருப்பங்களில் ஒன்றானது.

தாலேட்டுகளில் இந்தக் கலப்படச் சிக்கலைத் தாண்ட ஒரு கெட்டிக்கார வழி உண்டு. தாலேட்டையே தேடாமல், அது உடலுக்குள் போய் மாறிய வடிவத்தைத் தேடுவது. குப்பியிலிருந்து கசிந்த தாலேட்டில் அந்த மாற்றம் இருக்காது. மாறிய வடிவம் இருந்தால் அது மனித உடலைக் கடந்து வந்ததுதான். ஜெர்மன் குழந்தைகளிடம் அளக்கப்பட்டதும் அப்படிப்பட்ட வடிவமே.

பிபிஏவில் அந்த வசதி முழுமையாக இல்லை. 2019 டிசம்பரில் ஹன்ட் உள்ளிட்டோர் ஒரு குண்டைப் போட்டார்கள். நொதி சேர்த்து அளக்கும் வழக்கமான முறை, உடல் மாற்றிய வடிவங்களை நேரடியாக அளக்கும் முறையைவிட மிகக் குறைவான எண்ணைக் காட்டுகிறது என்றார்கள். அவர்கள் சோதித்தது சில பத்து மாதிரிகள்தான். அதை வைத்து உலகின் எல்லாப் பழைய தரவும் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வேறு வேறு ஆய்வகங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதற்கு முன், எப்படி அளந்தார்கள் என்று கேட்காமல் இருக்கவும் முடியாது.

தண்ணீர் அதிகம் குடித்தால் எண் குறையுமா?

குறையும். இங்கேதான் பெரும்பாலான செய்திகள் சறுக்குகின்றன.

ஏசி அறையில் உட்கார்ந்து மூன்று லிட்டர் தண்ணீர் குடிப்பவரின் சிறுநீர் நீர்த்துப்போயிருக்கும். வெயிலில் கட்டட வேலை செய்பவரின் சிறுநீர் அடர்த்தியாக இருக்கும். இருவர் உடலிலும் ஒரே அளவு ரசாயனம் போயிருந்தாலும், லிட்டர் கணக்கில் பார்த்தால் இரண்டாமவருக்கு அதிகம் இருப்பதுபோல் தெரியும். இதைச் சரிசெய்ய கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளையும் சேர்த்து அளந்து, ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு எவ்வளவு ரசாயனம் என்று எழுதுவார்கள். தசைகளிலிருந்து ஓரளவு சீராக வெளிவரும் பொருள் என்பதால் அது ஒரு மாதிரி எடைக்கல்.

இந்தத் திருத்தம் படத்தையே மாற்றிவிடும். 2011இல் வெளியான ஓர் ஆய்வு, ஏழு ஆசிய நாடுகளில் 296 பேரின் சிறுநீரில் பிபிஏவை அளந்தது. நடத்தியது நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் வாட்ஸ்வொர்த் மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய குருந்தாசலம் கண்ணனின் குழு. உலகின் பல நாடுகளில் இந்த ரசாயனங்கள் எவ்வளவு என்ற கேள்விக்கு முதல் பதில்களைத் தந்தவர்களில் முக்கியமானவர் இவர். அந்த ஆய்வில் இந்தியாவின் இடைநிலை மதிப்பு மில்லிலிட்டருக்கு 1.71 நானோகிராம். குவைத் 3.05, தென்கொரியா 2.17, மலேசியா 1.00, ஜப்பான் 0.95. இதை மட்டும் பார்த்தால் மலேசியாவும் ஜப்பானும் ஒன்றுதான். கிரியாட்டினினுக்குத் திருத்தினால்? மலேசியா 2.31, ஜப்பான் 0.58. நான்கு மடங்கு வித்தியாசம். இந்தியா 2.09, அதாவது மலேசியா இந்தியாவைத் தாண்டிவிடுகிறது.

இந்தத் திருத்தத்துக்கும் ஒரு ஓட்டை உண்டு. தசை குறைவானவர்களின் உடலில் கிரியாட்டினின் குறைவாக உருவாகும். அதனால் வகுக்கும் எண் சிறியதாகி, விடை பெரிதாகிவிடும். ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகள், மெலிந்த பெண்கள், முதியவர்கள் எல்லோரிடமும் இந்தப் பிழை வரும். இந்தியத் தரவுகளை அமெரிக்கத் தரவுகளுடன் ஒப்பிடும் எவரும் இதை மறந்துவிடக் கூடாது. இன்னொன்று, ஏழு நாடுகளுக்குச் சேர்த்தே 296 பேர் என்றால் ஒரு நாட்டுக்குச் சராசரியாக 42 பேர். 140 கோடி மக்களின் 'இந்திய அளவு' என்று அதைச் சொல்வது கொஞ்சம் ஓவர். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை, தலைப்பு எழுதுபவர்கள்தான் சொல்வார்கள்.

'92% பேரின் உடலில் இருக்கிறது' என்றால் பயப்பட வேண்டுமா?

இந்த 92% எண் பிரபலமானது. அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வு, சுருக்கமாக என்ஹேன்ஸ், ஆண்டுக்கு சுமார் 5,000 பேரைப் பரிசோதிக்கிறது. அதன் 2003-04 சுற்றில் ஆறு வயதுக்கு மேற்பட்ட 2,517 பேரின் சிறுநீரில் பிபிஏ தேடியபோது 92.6% பேரிடம் இருந்தது. பின்னர் வந்த சுற்றில் மெத்தில் பாராபென் 99% பேரிடம் கிடைத்தது.

'கண்டறியப்பட்டது' என்பது கருவியின் திறமையைப் பற்றிய தகவலும்கூட. கருவி நுட்பமானால் சதவீதம் ஏறும், யாருடைய உடலிலும் எதுவும் மாறாமலேயே. அதனால் சதவீதத்தைவிட அளவு முக்கியம். அளவைவிட, அது ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது முக்கியம்.

அப்போ எவ்வளவு வரை பாதுகாப்பானது? இதற்கு ஒரே பதில் இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். 2023 ஏப்ரலில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் தினமும் உட்கொள்ளத்தக்க பிபிஏ வரம்பை உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாகக் குறைத்தது. 20,000 மடங்கு குறைப்பு! அதே ஆண்டு ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதை ஏற்க மறுத்து, 200 நானோகிராம் போதும் என்றது. இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு இடைவெளி. ஐரோப்பிய சுற்றுச்சூழல் முகமை, 11 நாடுகளின் சிறுநீர்த் தரவை எடுத்து ஆணையத்தின் புதிய வரம்புடன் ஒப்பிட்டு, 100% வரையிலானோர் வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்றது. சிறுநீர் எண்கள் பழையவைதான், கோடுதான் நகர்ந்தது. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவுடன் தொடும் பொருட்களில் பிபிஏவைத் தடை செய்துவிட்டது.

இன்னொரு விஷயம். சிறுநீரில் பிபிஏ அதிகம் உள்ளவர்களுக்கு நீரிழிவோ உடல் பருமனோ அதிகம் என்று ஓர் ஆய்வு சொன்னால், எது முன், எது பின் என்று பாருங்கள். பேக்கேஜ் உணவு அதிகம் சாப்பிடுபவருக்கு பிபிஏவும் ஏறும், எடையும் ஏறும். ஒரே நாளில் எடுத்த சிறுநீரும் ரத்தமும் இந்த முடிச்சை அவிழ்க்காது. கர்ப்ப காலத்தில் மாதிரி எடுத்து, பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுகளுக்குத்தான் அந்த எடை உண்டு. அதிலும் ஒரே ஒரு மாதிரி எடுத்தவற்றைவிட, பல முறை எடுத்தவற்றை நம்பலாம்.

காசர்கோடு: ரத்தம் சாட்சியானபோது

இந்தியாவில் இந்த அளவீடு வெறும் ஆய்வகச் சமாச்சாரமாக இல்லாமல், ஊரின் தலையெழுத்தையே தொட்ட இடம் கேரளத்தின் காசர்கோடு. அங்கே பிளான்டேஷன் கார்ப்பரேஷன் ஆஃப் கேரளாவின் முந்திரித் தோட்டங்களில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. அடிவாரக் கிராமங்களில் பிறவிக் கோளாறுகளும் நரம்புக் கோளாறுகளும் அதிகம் என்று உள்ளூர் மருத்துவர்களும் மக்களும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் 'அந்த மருந்து இவர்கள் உடலுக்குள் போனதா?' என்ற முதல் கேள்விக்கே ஆதாரம் இல்லை.

2001இல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல், சுற்றுச்சூழல் மையம் மாதிரிகளைப் பரிசோதித்து, மனித ரத்தத்திலும் தாய்ப்பாலிலும் எண்டோசல்ஃபான் இருப்பதாக அறிவித்தது. பூச்சிக்கொல்லித் துறை அதை மறுத்தது. தோட்டக் கழகம், நம்ம சென்னைக்குப் பக்கத்தில் படப்பையில் உள்ள ஃப்ரெட்ரிக் பயிர்ப் பாதுகாப்பு, நச்சியல் நிறுவனத்திடம் ஆய்வை ஒப்படைத்தது. அதன் அறிக்கை, மனித ரத்தத்திலும் பாலிலும் எச்சம் இல்லை என்றது. அந்த அறிக்கையை டெல்லி மையம் கடுமையாக எதிர்த்தது. ஒரே ஊர், ஒரே ஆண்டு, இரண்டு ஆய்வகங்கள், இரண்டு நேரெதிர் முடிவுகள்.

பிறகு தேசிய மனித உரிமைகள் ஆணையம் தலையிட, அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் களமிறங்கியது. அது செய்த ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் மாற்றியது: ஒப்பீட்டுக் குழு. தோட்டத்தின் அடிவாரக் கிராமத்தில் 10 முதல் 19 வயது வரையிலான 117 பள்ளி மாணவர்கள். எண்டோசல்ஃபான் தெளிக்கப்படாத வேறொரு கிராமத்தில் 90 மாணவர்கள். 2003இல் வெளியான முடிவின்படி, முதல் குழுவில் 78% பேரின் சீரத்தில் எண்டோசல்ஃபான் இருந்தது, இரண்டாவதில் 29%. சராசரி அளவு நூறு கோடியில் 7.47 பங்கு, எதிர் தரப்பில் 1.37. அதிகம் உள்ளவர்களிடம் பருவ வளர்ச்சி தாமதமானதும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் வேறுபாடு இருந்ததும் பதிவானது. கடைசி வான்வழித் தெளிப்புக்குப் பிறகு சுமார் 10 மாதங்கள் கழித்து எடுத்த ரத்தம் அது. எண்டோசல்ஃபான் ரத்தத்தில் அவ்வளவு நாள் தங்கும் பொருள் அல்ல. அதனால் மண், தண்ணீர், உணவு வழியாக அது தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம்.

கவனியுங்கள், ஒப்பீட்டுக் கிராமத்திலும் 29%. 'இருக்கிறதா இல்லையா' என்று மட்டும் கேட்டிருந்தால் இரு ஊரிலும் பதில் 'இருக்கிறது' என்பதுதான். எவ்வளவு, யாரைவிட என்று கேட்டதால்தான் வித்தியாசம் தெரிந்தது.

இதன் பிறகும் விவாதம் முடியவில்லை. 2003இல் மத்திய அரசின் டூபே குழு, எண்டோசல்ஃபானுக்கும் நோய்களுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் எண்டோசல்ஃபான் சேர்ந்தது. மே 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தியாவில் இடைக்காலத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் தர கேரள அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2017 ஜனவரியில். ரத்தம் எடுத்ததிலிருந்து அந்த உத்தரவு வரை சுமார் 15 ஆண்டுகள். அன்று 10 வயதில் கை நீட்டி ரத்தம் கொடுத்த மாணவருக்கு அப்போது 25 வயது.

நம்மிடம் ஏன் தொடர் தரவு இல்லை?

காசர்கோட்டில் பாதிச் சண்டை, தெளிப்பதற்கு முந்தைய அளவு யாரிடமும் இல்லை என்பதால் வந்தது. அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயம் குறைக்கப்பட்டபோது, 1976 முதல் 1980 வரை மக்களின் ரத்த ஈயமும் சுமார் 37% குறைந்ததை என்ஹேன்ஸ் காட்டியது. மாதிரிக் கணக்குகள் எதிர்பார்த்ததைவிட அதிகமான சரிவு. ஈய பெட்ரோலை வேகமாக ஒழிக்க அந்த வரைபடம் பெரிய ஆயுதமானது. ஜெர்மனி 1980களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் மாணவர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் உறையவைத்துச் சேமிக்கிறது. இன்று புதிதாக ஒரு ரசாயனம் பற்றிச் சந்தேகம் வந்தால், முப்பது ஆண்டு பழைய குப்பியைத் திறந்து பார்க்கலாம்.

இந்தியாவில் நாடு தழுவிய, தொடர்ச்சியான அப்படியொரு திட்டம் கிடையாது. இதற்கு 'நம்ம நாட்டில் மாதிரி எடுப்பது கஷ்டம்' என்ற காரணம் எடுபடாது. 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்து, 51,000க்கும் அதிகமானோரிடம் ரத்தம், சிறுநீர் உள்ளிட்ட மாதிரிகளைச் சேகரித்தது. இரும்பு, அயோடின், வைட்டமின்கள் பார்த்தார்கள். அதே சிறுநீரின் ஒரு சிறு பகுதியில் தாலேட்டும் பிபிஏவும் பார்த்திருந்தால் இந்தியாவுக்கு ஓர் அடிப்படைக் கோடு கிடைத்திருக்கும். குளிர் சங்கிலி, பயிற்சி பெற்ற ஆட்கள், சம்மதப் படிவம் எல்லாம் ஏற்கெனவே இருந்தன.

சரி, நான் டெஸ்ட் எடுக்கலாமா?

வெளிநாடுகளில் வீட்டுக்கே குப்பி அனுப்பி, சிறுநீர் வாங்கி, பிபிஏ ரிப்போர்ட் தரும் நிறுவனங்கள் வந்துவிட்டன. என் கருத்து: பிபிஏ, தாலேட், பாராபென் போன்றவற்றுக்கு ஒரே ஒரு முறை டெஸ்ட் எடுப்பது பணம் வீண். அந்த எண் நேற்றைய உங்களைப் பற்றியது. அடுத்த வாரம் எடுத்தால் பாதியாகலாம், பத்து மடங்காகலாம். எந்த மருத்துவரிடமும் அதற்கு மாத்திரை இல்லை. 'டீடாக்ஸ்' பேக்கேஜ் வாங்குவதும் தேவையற்றது. ஒரே நாளில் உடலே வெளியேற்றும் பொருளுக்கு எதற்கு ஜூஸ்?

பிஎஃப்ஏஎஸ் மட்டும் விதிவிலக்கு. அதில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கே அர்த்தம் உண்டு. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2022 வழிகாட்டுதல், குறிப்பிட்ட பிஎஃப்ஏஎஸ் பொருட்களின் கூட்டுத்தொகை மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழ் என்றால் பாதிப்பு எதிர்பார்க்கப்படுவதில்லை என்றும், 20க்கு மேல் என்றால் தைராய்டு, சிறுநீரகம் உள்ளிட்டவற்றில் கூடுதல் கவனம் தேவை என்றும் சொல்கிறது. ஆனால் எல்லோருக்கும் அல்ல, தொழிற்சாலையிலோ தீயணைப்புப் பணியிலோ மாசடைந்த நிலத்தடி நீரிலோ அதிகம் பட்டிருக்க வாய்ப்புள்ளவர்களுக்குத்தான் முதலில் இந்தப் பரிசோதனை.

டெஸ்ட் இல்லாமலேயே செய்யக்கூடியவை உண்டு, அவற்றுக்கும் சிறுநீர்த்தரவுதான் ஆதாரம். முதலில் ஒரு தவறான நம்பிக்கை: சூடான சாம்பாரை மெல்லிய பாலிதீன் கவரில் கட்டித் தருவதற்கும் பிபிஏவுக்கும் சம்பந்தமில்லை. பாலிதீனில் பிபிஏ சேர்ப்பதில்லை. அந்தக் கவரை வேண்டாம் என்று சொல்ல வேறு காரணங்கள் இருக்கலாம். பிபிஏவின் இருப்பிடம் கடினமான, கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் பிளாஸ்டிக், டின்களின் உட்பூச்சு, ஏடிஎம், கடை ரசீதுகளின் தெர்மல் காகிதம். பிஜிகளிலும் ஆபீஸ்களிலும் தலைகீழாக நிற்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பல பாலிகார்பனேட்டால் ஆனவை. 77 ஹார்வர்ட் மாணவர்கள் ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குளிர்ந்த பானங்களை மட்டும் குடித்ததற்கே அவர்களின் சிறுநீர் பிபிஏ 69% ஏறியது. 24 பேர் இரண்டு மணி நேரம் கையுறை இல்லாமல் ரசீதுகளைக் கையாண்ட சோதனையில், லிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம் 5.8 ஆனது. பில் போடும் கவுன்ட்டரில் எட்டு மணி நேரம் நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். ரசீதை ஒரு நொடி வாங்கிப் பையில் போடும் நமக்கு இது பெரிய விஷயமல்ல, அவர்களுக்கு இது வேலையிடப் பிரச்சினை.

'பிபிஏ இல்லை' என்ற ஸ்டிக்கரை நம்பலாமா? பிபிஏக்கு மாற்றாக வந்தவற்றில் ஒன்று அதன் உறவுக்கார மூலக்கூறான பிபிஎஸ். இந்தியா, அமெரிக்கா உள்ளிட்ட எட்டு நாடுகளின் 315 சிறுநீர் மாதிரிகளில் 81%இல் பிபிஎஸ் இருந்ததாக 2012லேயே கண்ணனின் குழு பதிவு செய்துவிட்டது.

உணவைப் பொறுத்தவரை, 2011இல் கலிஃபோர்னியாவில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேர் மூன்று நாட்கள் பேக்கேஜ் இல்லாத, புதிதாகச் சமைத்த உணவு மட்டும் சாப்பிட்டார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66% குறைந்தது, ஒரு முக்கியத் தாலேட்டின் மாறிய வடிவங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. பழைய உணவுக்குத் திரும்பியதும் மீண்டும் ஏறின.

அழகுசாதனப் பொருட்களுக்கும் இதேபோல் ஒரு சோதனை அதே மாநிலத்தின் சலீனாஸ் நகரில் நடந்தது. 100 பதின்பருவப் பெண்கள் மூன்று நாட்கள், பாராபென், தாலேட், ட்ரைக்ளோசான் இல்லை என்று லேபிள் சொன்ன க்ரீம், ஷாம்பூ, மேக்கப்புக்கு மாறினார்கள். உள்ளூர் மாணவிகளே ஆய்வை நடத்த உதவினார்கள். மெத்தில் பாராபென் 44%, புரொப்பைல் பாராபென் 45%, ட்ரைக்ளோசான் 36% குறைந்தன. ஆனால் எத்தில், பியூட்டைல் என்ற வேறு இரண்டு பாராபென்கள் சிறிதளவு ஏறியிருந்தன. மாற்றாகக் கொடுத்த பொருட்களில் ஏதோ ஒன்றில், லேபிளில் எழுதாமல், அவை இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.